உங்களுக்குத் தெரியுமா? உப்பை மாற்றினால் உயிர் பிழைக்கும்!

வடசீனாவில் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வு இது. எல்லோரும் முன்பே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது ரத்த அழுத்தம் உள்ள 60 வயதுக்காரர்கள், அதற்கும் மூத்தவர்கள்.

● பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. மீதிக் கிராமங்களில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. சமையலுக்கெல்லாம் அதையே போடச் சொன்னார்கள்.

● ஏறத்தாழ ஐந்தாண்டுகளில், மாற்று உப்பு சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. முடிவுகள் 2021இல் வெளியாயின.

● காரணம்? சோடியம் குறைந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். பொட்டாசியம் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும்.

கவனம்: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் உடலில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். டாக்டரைக் கேட்காமல் உப்பை மாற்றாதீர்கள்.