ரோட்டில் இறங்கிய விமானம்... கேளம்பாக்கம் வெயிலில் எஞ்சினுக்குள் ஐஸ் கட்டுமா?

2025 நவம்பரில் அடுத்தடுத்து இரண்டு நாள்கள், எங்கள் கேளம்பாக்கம் ஏரியா வாட்ஸ்அப் குரூப் முழுக்க விமானம்தான். 13-ம் தேதி, சேலத்திலிருந்து கிளம்பிய சிறிய பயிற்சி விமானம் ஒன்று, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே தேசிய நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. லாரியும் பஸ்ஸும் போகிற ரோட்டில் விமானம்! அந்த வீடியோ ஓய்வதற்குள் மறுநாள் மதியம், விமானப்படையின் பிலாட்டஸ் பயிற்சி விமானம் இதோ பக்கத்தில், திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானி வெளியேறி பாராசூட்டில் இறங்கிவிட்டார். இரண்டு சம்பவங்களிலுமே உயிர்ச்சேதம் இல்லை.

வீடியோவைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: “ஏன்டா, ஸ்கூட்டி நின்னா ஓரங்கட்டலாம். மேல போறப்ப நின்னுட்டா என்னடா பண்ணுவாங்க?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பித்தது. அந்த இரண்டு விமானங்களுக்கும் என்ன ஆனது என்பது விசாரணை அதிகாரிகளின் வேலை. அதில் நாம் மூக்கை நுழைக்க வேண்டாம். பிலாட்டஸில் இருப்பது டர்பைன் வகை எஞ்சின், அது வேறு ஜாதி. நம் பிள்ளைகள் பைலட் பயிற்சிக்குப் போனால் முதலில் ஏறி உட்காரும் செஸ்னா மாதிரியான விமானங்களில் இருப்பது பெட்ரோல் பிஸ்டன் எஞ்சின். அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

முதலில் அம்மாவுக்கான பதில். எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது. செஸ்னா 172, ஒரு மீட்டர் உயரம் இழப்பதற்குள் ஏறக்குறைய 9 மீட்டர் தூரம் முன்னால் மிதந்து போகும். காற்று இல்லாத நாளில் 1,000 மீட்டர் உயரத்தில் நின்றுபோனால் கையில் சுமார் 9 கிலோமீட்டர் இருக்கிறது. கேளம்பாக்கம் ஜங்ஷனுக்கு மேலே நின்றால், கோவளம் கடற்கரை வரை தாராளமாகப் போய்விடலாம். பயம் எல்லாம், தரையை விட்டுக் கிளம்பிய முதல் ஒரு நிமிடத்தில்தான். அப்போது உயரமும் கிடையாது, யோசிக்க நேரமும் கிடையாது. அதனால்தான் அந்த எஞ்சினைத் தரையிலேயே இவ்வளவு சந்தேகப்படுகிறார்கள்.

எஞ்சின் என்னவோ பழைய காலத்து ஆசாமிதான். பயிற்சி விமானங்களில் அதிகம் புழங்கும் லைகமிங் ஓ-320 எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர், கொள்ளளவு 5.2 லிட்டர். ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே குளிர வேண்டும். நம் 150 சிசி பைக் 8,000, 9,000 ஆர்.பி.எம் வரை கத்தும். இது 2,700-க்கு மேல் சுற்றக் கூடாது. பெரிய உடம்பு, நிதானமான மூச்சு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தீப்பொறி தர தனித்தனியாக இரண்டு மேக்னட்டோ. பேட்டரி செத்துப்போனாலும் எஞ்சின் ஓடும். ஒரு மேக்னட்டோ போனால் இன்னொன்று காப்பாற்றும்.

இனி தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். சென்ற மழைக்காலத்தில் படூர் தாண்டும்போது என் பழைய ஸ்கூட்டி திணறித் திணறி நின்றது. தள்ளிக்கொண்டு போய் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். கார்பரேட்டரைக் கழற்றி, ஜெட்டை வாயில் வைத்து ஊதி, “கச்சடா தம்பி” என்று காட்டினார். கையில் கண்ணால் பார்க்கிற கோளாறு. ஆனால், விமானத்தின் கார்பரேட்டரில் வரும் ஒரு கோளாறு, பார்ப்பதற்குள் காணாமல் போய்விடும். அதுதான் ஐஸ்!

கார்பரேட்டருக்குள் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கூடவே பெட்ரோல் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து வெப்பத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்கின்றன. கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதே கதைதான். உள்ளே வெப்பம் 20, 30 டிகிரி கூட இறங்கிவிடும். காற்றில் இருக்கும் ஈரம் அங்கேயே உறைந்து, ஃப்ரீசரில் படிவது போலப் படியும். மூச்சுக்குழாய் அடைக்க ஆரம்பிக்கும்.

இது ஏதோ காஷ்மீர் சமாசாரம் என்றுதான் நானும் நினைத்தேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பின் பைலட் கையேடு, வெளியே சுமார் 38 டிகிரி வெப்பமும் 50 சதவிகித ஈரப்பதமும் இருக்கும்போதுகூட இது நடக்கலாம் என்கிறது. குளிர்ச்சியைவிட ஈரம்தான் வில்லன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பேக்வாட்டர், நடுவில் உப்பளம் என்று இருக்கிற நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஐப்பசி, கார்த்திகையில் துணி காய இரண்டு நாள் ஆகிறதே!

அறிகுறி ரொம்பச் சாது. ஆர்.பி.எம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவர், கை தளர்ந்துவிட்டது போல என்று நினைத்து த்ராட்டிலை லேசாகத் தள்ளுவார். மறுபடி இறங்கும். மறுபடி தள்ளுவார். பிறகுதான் எஞ்சின் நடுங்க ஆரம்பிக்கும்.

இதற்கு மருந்து, காக்பிட்டில் இருக்கும் ‘கார்ப் ஹீட்’ என்ற குமிழ். இழுத்தால் சைலன்ஸர் சூட்டில் காய்ந்த காற்று கார்பரேட்டருக்குப் போய் ஐஸை உருக்கும். இங்கேதான் ஒரு பொல்லாத திருப்பம். உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போவதால், முதல் சில விநாடிகள் நடுக்கம் இன்னும் மோசமாகும். ‘ஐயோ, கெட்டுப்போச்சு’ என்று பயந்து குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டால் முடிந்தது கதை. மருந்து கசக்கும்போது துப்பாமல் இருப்பதுதான் பயிற்சி.

அவசரமாக இறக்கிய பிறகு மெக்கானிக் வந்து திறந்து பார்த்தால்? எல்லாம் சுத்தமாக இருக்கும். வெயிலில் ஐஸ் உருகி, தடயமே இல்லாமல் போயிருக்கும். அந்த நேரத்தில் வெளியே எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம், ஆர்.பி.எம் எப்படி இறங்கியது என்று விமானி சொல்வதை வைத்துத்தான் துப்புத் துலக்க வேண்டும். ‘ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் ஓடுது’ என்று விட்டுவிடுவது ரொம்ப சுலபம். (இதைப் படிக்கும் எந்த வண்டி ஓனருக்கும் இந்த வாக்கியம் பரிச்சயம்தானே?)

தோசைக்கல் டெஸ்ட்

கிளம்பும் முன் செய்யும் மேக்னட்டோ சோதனையையும் சொல்ல வேண்டும். செஸ்னா 172எஸ் கையேட்டின்படி, எஞ்சினை 1,800 ஆர்.பி.எம்மில் வைத்து, ஒரு மேக்னட்டோவை அணைத்துப் பார்ப்பார்கள். ஆர்.பி.எம் கொஞ்சம் இறங்கும். 150-க்கு மேல் இறங்கக் கூடாது. இடது, வலது இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. சரி, கொஞ்சம்கூட இறங்கவில்லை என்றால்? சந்தோஷப்படக் கூடாது. அணைத்த மேக்னட்டோ உண்மையில் அணையவே இல்லை, அதை அணைக்கும் ஒயர் எங்கோ அறுந்திருக்கலாம் என்று அர்த்தம். அப்படியென்றால், சாவியை எடுத்து பாக்கெட்டில் போட்ட பிறகும் யாராவது புரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் எஞ்சின் உதைத்துக் கிளம்பிவிடலாம்.

நான்கில் எந்தச் சிலிண்டர் மக்கர் செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. கோளாறு காட்டும் மேக்னட்டோவில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, நான்கு புகைக்குழாய்களிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது. மூன்று ‘சுர்’ரென்று கத்தும், வேலை செய்யாதது சும்மா இருக்கும். தோசைக்கல் காய்ந்ததா என்று அம்மா பார்ப்பாரே, அதேதான்! இப்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வந்துவிட்டது.

சிலிண்டருக்குள் காற்றை அடைத்து, கசிவைக் காதால் கேட்பதும் உண்டு. புகைக்குழாயில் ‘உஸ்’ என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்பரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். வழக்கமாக 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை ஆயிலை மாற்றும்போது, பழைய ஃபில்டரைத் தூக்கிப்போடாமல் வெட்டித் திறந்து, மடிப்பு மடிப்பாக விரித்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று தேடுகிறார்கள். நம் பைக் ஃபில்டருக்கு அந்த யோகம் இல்லை.

பெட்ரோலிலும் தண்ணீர்தான் எதிரி. பாதி காலியான டேங்க் ராத்திரி முழுக்க நின்றால், உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். அதனால் தினமும் முதல் பறப்புக்கு முன், டேங்கின் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். புதிய 172-ல் இப்படி 13 இடங்கள்! விமான பெட்ரோலுக்கு நீல நிறம் சேர்த்திருப்பதால் தண்ணீர் தனியாகத் தெரியும். குவளை முழுக்க நிறமே இல்லாமல் தெளிவாக இருந்தால் அது சுத்தமான பெட்ரோல் அல்ல, மொத்தமும் தண்ணீர். இந்த அவ்காஸ் 100 எல்.எல் பெட்ரோலை முன்பு வெளிநாட்டிலிருந்துதான் வாங்கினோம். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் உள்நாட்டுத் தயாரிப்பை அறிமுகப்படுத்தியது.

குளவியையும் விடக் கூடாது. டேங்குக்குக் காற்று போகும் சின்னத் துளையில் குளவி மண்கூடு கட்டிவிட்டால், பெட்ரோல் இறங்காமல் எஞ்சின் பட்டினியில் நிற்கும்.

ஓடுகிற எஞ்சினைவிடச் சும்மா நிற்கிற எஞ்சின் சீக்கிரம் கெடும் என்பது எனக்குப் புதிய செய்தி. லைகமிங்கில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. வாரக்கணக்கில் நின்றால் அதிலிருக்கும் ஆயில் வழிந்துபோய், உப்புக்காற்றில் துரு பிடிக்கும். நிறுத்திவைத்த விமானத்தின் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுவது நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. மிச்சமிருக்கும் ஆயில் படலத்தையும் அது வழித்தெடுத்துவிடும், செய்யாதீர்கள் என்கிறது தயாரிப்பு நிறுவனம். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டுவதும் போதாது. பறந்தால்தான் ஆயில் நன்றாகச் சூடாகி உள்ளிருக்கும் ஈரம் போகும்.

கையெழுத்து யாருடையது?

பராமரிப்பு முடிந்ததும், ‘பறக்கத் தகுதியானது’ என்று கையெழுத்துப் போடுபவர் ஏ.எம்.இ எனப்படும் விமானப் பராமரிப்புப் பொறியாளர். உரிமம் தருவது டி.ஜி.சி.ஏ. பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான பிரிவு பி1.2, டர்பைன் விமானங்களுக்கு பி1.1. பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் இதற்குப் போகலாம். எங்கள் படூரில் ஏரோநாட்டிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகள் நிறைய. அந்த பி.டெக் வேறு, இந்த உரிமம் வேறு. டிகிரி இருந்தாலும், டி.ஜி.சி.ஏ தேர்வும் நேரடி வேலை அனுபவமும் இல்லாமல் அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. அட்மிஷன் நேரத்தில் பல வீடுகளில் இந்தக் குழப்பம் நடக்கிறது.

பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா-என்.ஜி என்ற இரண்டு இருக்கை விமானம், 2022 பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்துவந்து, மார்ச் தொடக்கத்தில் கடல்மட்டச் சோதனைகளை முடித்தது. ரோட்டாக்ஸ் எஞ்சின் பொருத்தியது. அடுத்து, கர்நாடகாவின் சல்லகெரேயில், 7,000 - 8,000 அடி உயரத்தில் வேண்டுமென்றே எஞ்சினை அணைத்து, மேலேயே மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள் விமானப்படையின் சோதனை விமானிகள். ஸ்டார்ட் ஆனது. இதை அம்மாவிடம் சொன்னபோது, “வேணும்னே அணைச்சாங்களா?” என்று காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

கமர்ஷியல் பைலட் உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறக்க வேண்டும். லட்சக்கணக்கில் கட்டி அனுப்பும் பெற்றோர்கள் ஹாஸ்டல் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரிக்கிறார்கள். ஹேங்கரையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். எத்தனை ஏ.எம்.இ இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, ‘இந்த வாரம் எந்த விமானத்தைப் பறக்கவிடாமல் நிறுத்தியிருக்கிறீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். ‘எல்லாமே ஓடுது சார்’ என்று பதில் வந்தால், இன்னும் நாலு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்.