விளைவுக்குக் கூலி: பில்வாரா பள்ளிகளில் நடந்த ஒப்பந்தம்

நடவுக்கு ஆள் விடும்போது நாள் கூலியா, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிடுவதா என்ற யோசனை எல்லா விவசாயிக்கும் வருவதுதான். நாள் கூலி என்றால் வேலை நிதானமாக நடக்கும், செலவு கூடும். ஏக்கர் கணக்கில் பேசிவிட்டால் பொழுது சாய்வதற்குள் வயல் முடிந்துவிடும். ஆனால் 20 செ.மீ.க்கு 10 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 50 குத்து இருக்க வேண்டிய இடத்தில் 30, 35 குத்துதான் தேறும். பேசியது பரப்புக்கு, குத்துக்கு அல்ல. பால் சங்கத்தில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே லிட்டரை மட்டும் பார்ப்பதில்லை. கொழுப்பையும் இதர திடப்பொருளையும் சோதித்து விலை போடுகிறார்கள். தண்ணீர் கலந்தால் அளவு கூடும், விலை கூடாது.

இதே கேள்வி கல்வி, மருத்துவம் போன்ற பொதுச் சேவைகளிலும் எழுந்துள்ளது. இத்தனை வகுப்பறை, இத்தனை ஆசிரியர், இத்தனை புத்தகம் என்றுதான் அரசுப் பணம் காலங்காலமாக ஒதுக்கப்பட்டு வருகிறது. குழந்தை படித்ததா என்பதற்கும் அந்தப் பணத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எங்கள் விரிவாக்கத் துறையும் இதற்கு விலக்கல்ல. எத்தனை செயல்விளக்கத் திடல் அமைக்கப்பட்டது என்று மாதந்தோறும் கணக்கு கேட்பார்கள். அடுத்த பட்டத்தில் எத்தனை பேர் அதைத் தம் வயலில் செய்தார்கள் என்று கேட்பவர் அபூர்வம்.

விளைவு கிடைத்தால் மட்டுமே பணம் என்று எழுதப்படும் ஒப்பந்தம் இந்தக் குறையைத் தீர்க்க வந்த ஒரு வழி. அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தும் எல்லாத் திட்டங்களும் இந்த வகை என்று நினைத்துவிடக் கூடாது. நம் மாநிலத்தில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு செலவை ஏற்க, தனியார் அமைப்பு ஒன்று நடத்துகிறது. அது கூட்டு முயற்சிதான். ஆனால் விளைவுக்குப் பணம் என்பது வேறு.

அந்த வகைக்கு நம் நாட்டில் நன்றாக அளந்து பார்க்கப்பட்ட உதாரணம் ராஜஸ்தான் மாநிலம் பில்வாரா மாவட்டத்தில் இருக்கிறது. பள்ளிக்குப் போகாத பெண் குழந்தைகளைச் சேர்க்கவும், 3 முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பும் கணக்கும் வரச் செய்யவும் 2015 முதல் 2018 வரை மூன்று ஆண்டுகளுக்கு அங்கே ஒரு ஒப்பந்தம் நடந்தது.

இதில் நான்கு தரப்பினர் இருந்தார்கள். ஊரில் இறங்கி வேலை செய்தது 'எஜுகேட் கேர்ள்ஸ்' என்ற தொண்டு நிறுவனம். வேலைக்கு முன்பணம் போட்டது சுவிட்சர்லாந்தின் யு.பி.எஸ். ஆப்டிமஸ் பவுண்டேஷன். விளைவு தெரிந்த பிறகு பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது லண்டனில் உள்ள ஓர் அறக்கட்டளை. அளந்து சொன்னது 'ஐ.டி.இன்சைட்' என்ற தனி நிறுவனம். இத்தகைய ஒப்பந்தங்களில் கடைசியில் பணம் கொடுப்பது வழக்கமாக அரசாங்கம். இங்கே அந்த இடத்தில் அறக்கட்டளை நின்றது. விளைவு வராவிட்டால் நஷ்டம் முன்பணம் போட்டவருக்கு. விதைக்கும் உரத்துக்கும் ஒருவர் பணம் போட்டு, நெல் களத்துக்கு வந்து எடை போட்ட பிறகே இன்னொருவர் கிரயம் தருவது போன்றது இது.

எடை போடும் முறையைத்தான் விவசாயிகள் கவனிக்க வேண்டும். மொத்தத் தொகையில் 80 சதவீதம் கற்றலுக்கு, 20 சதவீதம் மட்டுமே பள்ளியில் சேர்ப்பதற்கு. காரணம் எளிது. பதிவேட்டில் பெயர் எழுதுவது சுலபம், பிள்ளைக்குப் படிப்பு வரச் செய்வது கடினம். கற்றலை அளக்க எழுத்து தெரிகிறதா, சொல் படிக்க வருகிறதா, ஒரு பத்தி படிக்க வருகிறதா என்று படிப்படியாகச் சோதித்தார்கள். ஒரு படி ஏறினால் அதற்குப் புள்ளி. இத்தனை மதிப்பெண் எடுத்தால் பாஸ் என்று கோடு போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளை மட்டும் தள்ளிவிட்டு, எழுத்தே தெரியாத குழந்தையை விட்டுவிடத் தோன்றும். எல்லாப் பிள்ளைகளின் முன்னேற்றமும் கூட்டிப் பார்க்கப்பட்டதால், கடைசி வரிசைக் குழந்தையும் கணக்கில் வந்தது.

அதோடு, சில ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, திட்டம் நடக்காத ஊர்களின் பள்ளிகளையும் சோதித்தார்கள். நாம் உரம் போட்ட பாத்திக்குப் பக்கத்தில் உரமில்லாப் பாத்தி ஒன்றை விட்டுவைப்போமே, அதே முறைதான். நல்ல மழையால் வந்த மகசூலை உரத்தின் பெயரில் எழுதிவிடக் கூடாதல்லவா?

இரண்டு ஆண்டு முடிந்தபோது கற்றல் இலக்கில் ஏறத்தாழப் பாதிதான் எட்டப்பட்டிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு காலம் போய்விட்டது. வழக்கமான திட்டமாக இருந்தால் இறுதி அறிக்கை வரும்வரை இது யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கே ஆண்டுதோறும் சோதனை நடந்ததால் எங்கே சறுக்கல் என்று பார்க்க முடிந்தது. பிள்ளைகளை வகுப்பு வாரியாக அல்லாமல், யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்துக் குழுவாகப் பிரித்தார்கள். அடிக்கடி வராத குழந்தைகளின் வீட்டுக்கே ஊர்த் தொண்டர்கள் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் கற்றல் இலக்கு 5,592 புள்ளி என்றிருக்க, கிடைத்தது 8,940. பள்ளிக்குப் போகாதிருந்த பெண் குழந்தைகளில் 92 சதவீதம் பேர் சேர்க்கப்பட்டார்கள். இலக்கு 79 சதவீதம்தான். அந்தக் கடைசி ஆண்டில் மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட இந்த ஊர்ப் பிள்ளைகளின் முன்னேற்றம் 79 சதவீதம் அதிகம். பயிருக்கு இடையில் மண் பரிசோதனை செய்து மேலுரத்தை மாற்றியதற்குச் சமம்.

பணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். முன்பணம் சுமார் 2,70,000 டாலர். திரும்பி வந்தது சுமார் 4,22,000 டாலர். ஆண்டுக்கு 15 சதவீத ஆதாயம். தர்ம காரியத்துக்கு இது அதிகம் என்று எனக்குப் படுகிறது. ஒப்பந்தம் எழுதவும் அளக்கவும் ஆன செலவு இதற்கு வெளியே. சிறிய திட்டங்களுக்கு இந்த முறை கட்டுப்படியாகாது என்பதை மறைக்கத் தேவையில்லை. 10 சென்ட் கத்தரிக்குத் தனியாக எடைமேடை கட்டுவதுபோல் ஆகிவிடும்.

அளவுகோல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலம் சாட்சி. 2013இல் அங்கே பாலர் பள்ளிக்கு இதே போன்ற ஒப்பந்தம் போட்டார்கள். இந்தக் குழந்தைகளுக்குப் பின்னாளில் தனிக் கவனிப்புப் பள்ளி தேவைப்படும் என்று ஒரு சோதனையை வைத்து 110 பேரைக் குறித்தார்கள். பிறகு தேவைப்பட்டது ஒரே ஒருவருக்கு. 2015இல் முதலீட்டாளருக்குப் பணம் போனது. ஆனால் மற்ற 109 பேருக்கும் ஆரம்பத்திலேயே அது தேவைப்பட்டிருக்குமா என்ற கேள்வி எழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்க உரமில்லாப் பாத்தி அங்கே இல்லை.

ஆகவே, உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ இத்தகைய கூட்டுத் திட்டம் வருமானால், கிராம சபையில் எழுந்து கேளுங்கள். எதை அளந்து பணம் தரப்போகிறார்கள்? அளப்பவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? வேலை செய்யும் நிறுவனமே அளவும் எடுத்தால், பால் ஊற்றுபவர் கையிலேயே பால்மானியைக் கொடுத்தது போலாகும். ஆரம்ப நிலையைக் குறித்த பட்டியலில் மேய்ச்சலுக்குப் போகும் பிள்ளையும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்வரும் பிள்ளையும் இருக்கிறார்களா? சோதனை நாளில் வராத குழந்தையை எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் கேட்க வேண்டும். படிப்பு மட்டமான பிள்ளைகளை அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டால், சராசரி தானாகவே ஏறிவிடும்.