சார்ம் பிரேஸ்லெட் வாங்குகிறீர்களா? முதலில் கொக்கியைப் பாருங்கள்!

பிரேஸ்லெட் வாங்கும்போது டிசைனைப் பார்ப்போம், எடையைப் பார்ப்போம், செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று கேட்போம். கொக்கியைப் பார்ப்பவர்கள் குறைவு. சார்ம் பிரேஸ்லெட்டில் அப்படி விட முடியாது. முதல் பிறந்தநாளுக்கு ஒன்று, பத்தாம் வகுப்பு பாஸானதற்கு ஒன்று, அத்தை வாங்கித் தந்தது ஒன்று என்று வருஷத்துக்கு வருஷம் குட்டிக் குட்டித் தொங்கல்கள் சேரும். எடையும் கூடும். கொக்கி கழன்றால் எல்லாமே ஒரே நாளில் போய்விடும்.

கழுத்துச் செயினுக்கு வழக்கமாக வரும் 'எஸ்' கொக்கி இதற்குச் சரிப்படாது. 22 காரட் தங்கம் மென்மையானது. துப்பட்டாவிலோ கைப்பை வாரிலோ மாட்டி இழுபட்டால் கொக்கியின் வாய் விரிந்துவிடும்.

சிங்கி இறாலின் கொடுக்கு போல இருக்கும் லாப்ஸ்டர் லாக்தான் நல்ல தேர்வு. உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் விட்டதும் தானாக மூடிக்கொள்ளும். பொடி சைஸ் வேண்டாம். ஒற்றைக் கையால் மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 12 மி.மீ. அளவில் கேளுங்கள்.

வளையத்துக்குள் குறுக்குக் கம்பியை நுழைக்கும் டாகில் பார்க்க அழகு, மாட்டுவதும் சுலபம். ஆனால், பிரேஸ்லெட் கொஞ்சம் தளர்ந்தாலே கம்பி நழுவிவிடும். சார்ம் பிரேஸ்லெட்டையோ மணிக்கட்டு அளவைவிட 2 செ.மீ. போலத் தளர்வாகத்தான் போடுவோம்!

காந்தக் கொக்கி, விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்கு வசதி. கனமான பிரேஸ்லெட்டுக்குத் தாங்காது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். காந்தங்கள் இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும்.

கொக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைச் சங்கிலியோடு இணைக்கும் சின்ன வளையம் வாய் திறந்திருந்தால் பயனில்லை. பெரும்பாலும் அறுந்து விழுவது அந்த இடத்தில்தான். நகத்தால் நெருடிப் பாருங்கள். இடைவெளி தட்டுப்பட்டால் பற்றவைத்துத் தரச் சொல்லுங்கள். கொக்கியில் சூடு படாமல் செய்வது முக்கியம். பட்டால் ஸ்பிரிங் வலுவிழந்துவிடும்.

கூடவே ஒரு சேஃப்டி செயினும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாக் திறந்துகொண்டாலும் பிரேஸ்லெட் கையிலேயே தொங்கும். வாரம் ஒருமுறை லாக்கைத் திறந்து விட்டுப் பாருங்கள். நாக்கு சட்டென்று மூடாமல் மந்தமாக வந்தால், அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் முன்பே மாற்றிவிடுங்கள்.