மருந்துக்கடையில் தடுப்பூசி போடலாமா?

வெளிநாட்டில் போடுகிறார்கள், இங்கே ஏன் முடியாது?

ஆபீசு முடிந்து பஸ்சுக்கு ஓடுகிறார் ஒரு குமாஸ்தா. சைதாப்பேட்டையில் தெரு நாய் ஒன்று காலைக் கவ்விவிட்டது. அப்புறம் அவர் படும் பாடு இருக்கிறதே!

தசையில் போடும் முறை என்றால் மொத்தம் 5 ஊசி. கடிபட்ட அன்றே ஒன்று. அப்புறம் 3-ம் நாள், 7-ம் நாள், 14-ம் நாள், 28-ம் நாள். தோலுக்குள் போடும் முறையில் 4 தடவை போனால் போதும்.

அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. ஆனால் வரிசை உண்டு. ஒவ்வொரு ஊசிக்கும் அரை நாள் லீவு போய்விடும். தனியார் கிளினிக்குக்குப் போனால் டாக்டர் சீட்டு எழுதித் தருவார். அதை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓட வேண்டும். ஐஸ் கட்டியோடு பிளாஸ்டிக் பையில் மருந்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கிளினிக். அதற்குள் டாக்டர் வீட்டுக்குப் போயிருப்பார்!

"என்னங்க இது! மருந்தை வித்தவரே போட்டுவிட்டா என்ன? அவரும் படிச்சவர்தானே?" என்று கேட்காத ஆள் இல்லை.

நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் கடைக்குள்ளேயே ஊசி

அமெரிக்காவில் இந்தக் கேள்வி எழுந்து வெகு காலம் ஆகிறது. 1990-களிலேயே அங்கே மருந்துக்கடைக்காரர்களுக்கு ஊசி போடப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். 2009-க்குள் 50 மாநிலங்களும் சம்மதித்துவிட்டன. சோப்பு, சீப்பு வாங்க வந்தவர் அப்படியே சட்டைக் கையை மடித்து புளூ காய்ச்சல் ஊசியும் போட்டுக்கொண்டு போகிறார். இங்கிலாந்தில் 2015 முதல் அரசாங்கச் செலவிலேயே மருந்துக்கடைகளில் புளூ ஊசி போடுகிறார்கள். பிரான்சு இரண்டு பகுதிகளில் சோதித்துப் பார்த்துவிட்டு 2019-ல் நாடு முழுவதும் கதவைத் திறந்துவிட்டது.

நர்சுகள் கதை இன்னும் பழையது. 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு நர்சும் ஒரு குழந்தை டாக்டரும் சேர்ந்து புதுப் படிப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். குழந்தை டாக்டர்கள் போதவில்லை. அதனால் அனுபவமுள்ள நர்சுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்தார்கள். இன்று அந்த நாட்டில் அப்படிப் படித்த நர்சுகள் நோயாளியைப் பரிசோதித்து மருந்துச் சீட்டே எழுதுகிறார்கள்.

அம்மை குத்தியது யார்?

"டாக்டர் கையால்தான் ஊசி போடணும்" என்பது நம்ம ஊரில் சமீபத்தில் வந்த பேச்சு. பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊருக்குள் அம்மை குத்துகிறவர் வந்துவிட்டார் என்றால் பையன்கள் பரணிலும் குதிருக்குள்ளும் ஒளிந்துகொள்வார்கள். அவர் டாக்டரா? இல்லை. நாலு எழுத்துப் படித்த ஓர் அரசு ஊழியர். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தயாரான அம்மைப்பாலைக் கையில் குத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இந்தியாவில் கடைசியாக பெரியம்மை கண்டது 1975 மே மாதம். அந்த நோயை விரட்டியதில் பெரும் பங்கு அந்த ஊழியர்களுடையது.

அப்புறம் கம்பவுண்டர் காலம். பாட்டில் மேல் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டி மிக்சர் கொடுத்தவர் அவர்தான். கண்ணாடிச் சிரிஞ்சை வெந்நீரில் போட்டு எடுத்து ஊசி குத்தியவரும் பல இடங்களில் அவர்தான். சிரிஞ்சு சரியாகக் கொதித்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன்!

இன்றைக்கும் குழந்தைக்கு ஊசி போடுவது யார்? புதன்கிழமை காலையில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிற கிராம சுகாதார செவிலியர். நகரத்தில் மாநகராட்சி நர்சம்மா. எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பது அவருக்கு நோட்டைப் பார்க்காமலே தெரியும்.

4 குழந்தைகள் பலி

இந்த இடத்தில் ஒரு துயரச் சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

2008 ஏப்ரல் 23. அதுவும் புதன்கிழமை. திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை தடுப்பூசி போட்ட 4 குழந்தைகள் அன்றே இறந்தன. தமிழ்நாடே பதறியது. தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரவே பயந்தார்கள்.

அரசு உடனே உத்தரவு போட்டது. செவிலியர் கிராமத்துக்குப் போய் ஊசி போடுவது நின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், டாக்டர் இருக்கும்போதுதான் தடுப்பூசி என்றாகிவிட்டது. அந்தச் சூழ்நிலையில் வேறு எந்த அரசும் அப்படித்தான் செய்திருக்கும்.

ஆனால் கூலி வேலைக்குப் போகிற தாய் என்ன செய்வாள்? முன்பு நர்சம்மா தெருவுக்கே வந்தார். இப்போது பஸ் பிடித்துப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் எத்தனை பேரோ.

மத்திய அரசின் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2005-06-ல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட குழந்தைகள் 100-க்கு 81 பேர். 2015-16-ல் அது 70-க்கு இறங்கிவிட்டது! அந்த உத்தரவு ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அது ஒரு காரணம் என்று சொல்லாத ஆளும் இல்லை. செவிலியர்கள் மறுபடியும் ஊருக்குள் வந்த பிறகு, 2019-21 கணக்கில் 89 ஆக ஏறியது.

கொரோனா உடைத்த சட்டம்

கொரோனா வந்தபோது பழைய பேச்செல்லாம் காற்றில் பறந்தது. 2020 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் யார் யார் ஊசி போடலாம் என்று பட்டியல் இருந்தது. டாக்டர், நர்சு, செவிலியர் ஆகியோரோடு பார்மசிஸ்ட் பெயரும் அதில் இருந்தது! 2021 செப்டம்பர் 12-ந் தேதி தமிழ்நாட்டில் நடந்த மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். டாக்டர்களை மட்டும் நம்பியிருந்தால் நடக்கிற காரியமா?

அவசரத்துக்கு ஆகும் ஆள் சாதாரண நாளில் ஏன் ஆகக் கூடாது என்று கேட்கிறார்கள். அது முகாமில், நாலு பேர் கண்ணெதிரே நடந்தது. தனிக்கடை விஷயம் வேறு.

பிரிட்ஜில் பால் பாக்கெட்!

தடுப்பூசி மருந்தை 2 டிகிரி முதல் 8 டிகிரி வரை குளிரில் வைக்க வேண்டும். சூடு பட்டாலும் கெடும். சில மருந்து உறைந்தாலும் கெடும். மஞ்சள் காமாலை பி ஊசியும் ரண ஜன்னி ஊசியும் அந்த ஜாதி. ஐஸ் கட்டி மேலேயே பாட்டிலைப் போட்டு எடுத்துப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரவு கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற முதலாளிகள் உண்டு. பிரிட்ஜில் மருந்தோடு பால் பாக்கெட்டும் தயிர் சாதமும் இருக்கும் கடைகளும் உண்டு. சுவரில் பார்மசிஸ்ட் சர்டிபிகேட் தொங்கும். கல்லாவில் பத்தாவது படித்த பையன் நிற்பான். ஊசி போட அனுமதி கொடுத்தால் அந்தப் பையன் கைக்கும் சிரிஞ்சு போகும் என்று டாக்டர்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. கன்சல்டிங் பீஸ் போய்விடுமே என்ற கவலையும் அதோடு கலந்திருக்கலாம். அது வேறு சங்கதி!

விற்கிறவரே "போட்டுக்கோங்க சார், நல்லது" என்றால் அதை எவ்வளவு தூரம் நம்புவது என்ற கேள்வியும் இருக்கிறது.

ஊசி போட்டதும் சிலருக்கு ஒவ்வாமை வரலாம். மூச்சுத் திணறும்; ரத்த அழுத்தம் விழும். பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கில்தான் இது வருகிறது. வந்தால் நிமிஷக் கணக்கில் அட்ரினலின் ஊசி தொடையில் ஏற வேண்டும். இதற்கு டாக்டர் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று, முதல் டோசைச் செவிலியரே போடலாம் என அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதே பயிற்சியைப் பார்மசிஸ்டுக்கும் கொடுக்க முடியும். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

எதை விடலாம், எதை விடக் கூடாது?

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பிள்ளைகள் ஊசியைக் கடைக்கு விட வேண்டாம். அது நர்சம்மா நோட்டில் இருப்பதே நல்லது. நாய்க்கடிக்கு முதல் ஊசியும் கடையில் வேண்டாம். காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியே வேறொரு மருந்தும் போட வேண்டும். அது ஆஸ்பத்திரி வேலை.

ஆனால் 2-வது ஊசியிலிருந்து? பெரியவர்களுக்கான புளூ ஊசி? ஆணி குத்தினால் போடுகிற ஊசி? இவற்றைப் படித்துப் பயிற்சி பெற்ற பார்மசிஸ்ட் போட்டால் குடி முழுகிவிடாது. பிரிட்ஜில் வெப்பமானி, மேஜையில் அட்ரினலின், ஆள் பெயர் எழுதிய ரிஜிஸ்டர். இந்த மூன்றும் இருக்கிற கடைக்குத் தனி லைசென்ஸ் கொடுக்கலாம். ஆணி குத்தியவருக்கு ஊசியைத் திரைக்குப் பின்னால் போட்டு அனுப்பும் கடைகள் இப்போதே இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கணக்கில் எழுதச் சொல்வது எவ்வளவோ மேல்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்க வேண்டும். நம்ம ஊர் மருந்துக்கடை பாதி 10 அடி அகலம். வாடிக்கையாளர் நிற்பதே பிளாட்பாரத்தில்தான். பெஞ்சை எங்கே போடுவது என்று கடைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.