சாய்ந்த வரப்புகள்

“செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிக் கொடுக்கிற காலத்தில் கம்பைலரைப் பற்றி ஆராய்ச்சி எதற்கு?” என்று செங்கல்பட்டிலிருந்து பொறியியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியில் குறும்பு கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் விஷயம் இருக்கிறது. ஓர் உதாரணத்தோடு தொடங்குகிறேன்.

கேளம்பாக்கத்தை அடுத்த தையூரில், சென்னை ஐ.ஐ.டி.யின் புதிய வளாகத்திலே, பெரியதோர் அலைத் தொட்டி இருக்கிறது. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் தாக்கியது போன்ற ஆழிப்பேரலை சமுத்திரம் முழுவதையும் கடந்து வரும் விதத்தை அறிய வேண்டுமானால், கம்ப்யூட்டரைத்தான் நாட வேண்டும். கடற்பரப்பைச் சிறு கட்டங்களாக வகுத்து, ஒரு கட்டத்தின் இந்த க்ஷணத்து மட்டத்தையும் அண்டைக் கட்டங்களின் மட்டத்தையும் கொண்டு அதன் அடுத்த க்ஷணத்து மட்டத்தைக் கணித்து, இப்படியே லட்சக்கணக்கான கட்டங்களுக்கும் ஆயிரக்கணக்கான க்ஷணங்களுக்கும் செய்துகொண்டே போவது இதன் முறை.

இதில் கூட்டல் பெருக்கலுக்கு ஆகும் நேரம் அற்பம். பிரதான நினைவகத்திலிருந்து ஓர் எண் வந்து சேருவதற்குள் நூறு கூட்டல்களுக்கு மேல் செய்துவிடலாம். பிராசஸருக்கு மிக அருகிலுள்ள கேஷ் நினைவகமோ சில பத்து கிலோபைட்தான் கொள்ளும். ஆகவே கடல் முழுவதையும் ஒரு சுற்று முடித்து முதல் கட்டத்துக்குத் திரும்பும்போது, அந்தக் கட்டத்தின் எண் கேஷிலிருந்து எப்போதோ வெளியே தள்ளப்பட்டிருக்கும்.

கேளம்பாக்கத்து உப்பளத்தில் ஒருவர் முதல் பாத்தியில் ஒரே ஒரு வாரு வாரிவிட்டு, அடுத்த பாத்திக்குப் போய் அங்கும் ஒரு வாரு வாரி, கடைசிப் பாத்தி வரை நடந்து, மறு வாருக்காக முதல் பாத்திக்குத் திரும்பி வந்தால் மேஸ்திரி என்ன சொல்வார்? நாலைந்து பாத்திகளை முழுக்க முடித்துவிட்டு நகரச் சொல்வார். நிரலை யந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரும் அதையே செய்யப் பார்க்கிறது. கட்டங்களைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்கே பல க்ஷணங்களின் கணக்கைத் தொடர்ந்து முடிக்க முயல்கிறது. தடையும் அங்கேயே எழுகிறது. பகுதியின் வலது ஓரக் கட்டத்தை இரண்டாம் க்ஷணத்துக்கு நகர்த்த, அதற்கும் வலப்புறத்துக் கட்டத்தின் முதல் க்ஷணத்து மட்டம் வேண்டும். அதுவோ இன்னும் தொடப்படாத பகுதியில் இருக்கிறது.

பரிகாரம், வரப்பையே சாய்த்துவிடுவது. ஒவ்வொரு க்ஷணத்துக்கும் பகுதியின் இரு எல்லைகளும் ஒரு கட்டம் இடப்புறமாக நகரட்டும். அப்போது வலது ஓரத்துக்கு வேண்டிய எண் நம் பகுதிக்குள்ளேயே முன்பே கணிக்கப்பட்டிருக்கும். இடது ஓரத்துக்கு வேண்டியது ஏற்கெனவே முடிந்த இடப்பகுதியில் கிடைக்கும். நாளுக்கு ஓர் அடி நகரும் வரப்பை எந்த உப்பளத்தில் கண்டீர் என்று வாசகர் கேட்கலாம். எங்கும் இல்லைதான், இருந்தாலும், நகரும் வரப்புக்கு மண் சுமக்கும் கூலியை யார் கொடுப்பது என்பதுவரை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

இந்தச் சாய்வை மனிதர் யோசித்து எழுதாமல், எந்த எண் எந்த எண்ணைச் சார்ந்தது என்பதை நேர்கோட்டுச் சமனிலிகளாக எழுதி, எந்தச் சார்பும் பின்னோக்கிப் போகாதபடியும், சார்புகளின் தூரம் இயன்றமட்டும் குறையும்படியும் கம்பைலரே சாய்வைக் கண்டுபிடிப்பதுதான் என்னை வெகுவாகக் கவர்ந்த லாகவம். 2008இல் வெளியான ‘புளூட்டோ’ இதைச் செய்து காட்டியது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உதய் பொண்டுகுலா, ஆல்பர்ட் ஹார்ட்டோனோ, பி. சடையப்பன் ஆகியோரும், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜே. ராமானுஜமும் செய்த வேலை அது; ஹார்ட்டோனோ நீங்கலாக மற்ற மூவரும் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்தவர்கள்.

சரித்திரம் வேண்டுவோருக்கு: 1957இல் ஐ.பி.எம்.மின் ஃபோர்ட்ரான் கம்பைலர். 1974இல், நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் மடக்குகளை வேறு கோணத்தில் அறுக்கலாம் என்ற லெஸ்லி லாம்போர்ட்டின் கட்டுரை. பின்னர் பிரான்ஸில் பால் ஃபோத்ரியே வகுத்த கணிதம். இவ்வளவு போதும்.

பிரமாதப்படுத்துவோரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கம்பைலர் மேம்பாட்டால் மட்டும் வேகம் இரட்டிப்பாக 18 ஆண்டுகள் பிடிக்கும் என்று டாட் புரோப்ஸ்டிங் 1998இல் கேலியாக ஒரு விதியே எழுதினார். பல மடங்கு வேகம் என்று பறைசாற்றும் கட்டுரைகளில், எதனோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் பார்ப்பது என் வழக்கம். தவிர, கட்டங்களைச் சுட்டும் குறியெண்கள் நேர்கோட்டு வடிவில் இருந்தால்தான் இந்த யுக்தி பலிக்கும். சுட்டிகள் பின்னிக் கிடக்கும் சாதாரண நிரலில் கைவிரித்துவிடும். ஜிசிசி கம்பைலரில் ‘கிராஃபைட்’ என்ற பெயரில் இவ்வகைச் சாதனம் இருந்தும், வழக்கமான ஓ-2 கட்டளைக்கு அது எழுந்திருப்பதில்லை. தனியே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாணவர் போற்றும் செயற்கை நுண்ணறிவோ பெரும்பகுதி அணிப்பெருக்கல். எண்களைப் பாத்தி பாத்தியாகக் கேஷுக்குள் கொண்டுவராவிட்டால், அந்த யந்திரமும் நினைவகத்தின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.