மாரி வெள்ளமும் கிணற்று நீரும்

வெள்ளம் என்றவுடன் கரைபுரளும் ஆறே பெரும்பாலோர் நினைவுக்கு வரும். குளிர்நாடுகளில் மலைகளிற் குவிந்த பனி வசந்தத்தில் உருகி, மழையோடு சேர்ந்து ஆறுகளைப் பெருகச் செய்கின்றது. அங்கே பனியின் அளவைக் கணித்து, வரப்போகும் வெள்ளத்தை வாரக்கணக்கில் முன்னரே மதிப்பிடுகின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ மலையும் இல்லை. வற்றாத ஆறும் இல்லை. ஆயினும் வெள்ளம் வருகின்றது. அது வரும் விதத்தை அறிந்தால், அதிலிருந்து தம்மைக் காக்கும் வழியும் புலப்படும்.

குடாநாட்டின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு பொழிந்துவிடும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் தோன்றிக் கரையை நெருங்குமாயின், பல வாரங்களிற் பெய்யவேண்டிய மழை ஓரிரு நாட்களிலேயே கொட்டித் தீர்க்கும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும், 2020 டிசம்பரில் புரெவிப் புயலின்போதும், 2024 நவம்பர் இறுதியிலும் அவ்வாறே நேர்ந்தது. தட்டையான நிலத்தில் விழுந்த நீர் ஓட வழியின்றி ஒழுங்கைகளிலும் வளவுகளிலும் தேங்கி நின்றது.

இந்நீருக்கு முன்னோர் வழி வகுத்திருந்தனர். ஊர்தோறும் குளங்களும் கேணிகளும் வெட்டி, அவற்றை வாய்க்கால்களால் இணைத்தனர். மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கை ஆறு, தெல்லிப்பழைப் பக்கத்து நீரைத் திரட்டிக் கொண்டு அராலிக்கு அருகே கடனீரேரியிற் சேர்கின்றது. அராலியிலும் தொண்டைமானாற்றிலும் கட்டப்பட்ட தடுப்பணைகளின் கதவுகள் மிகுநீரைக் கடலுக்கு விடவும், கோடையில் உவர்நீர் உட்புகாது தடுக்கவும் அமைந்தவை. குளத்தை மேடாக்கி வீடு கட்டினாலும், வாய்க்காலிற் குப்பையைக் கொட்டினாலும், அங்கே தங்கவேண்டிய நீர் அயலவரின் முற்றத்தில் ஏறி நிற்கும்.

அப்படியாயின் மழைநீர் முழுவதையும் விரைவாகக் கடலுக்கு அனுப்பிவிடலாமா? அது பெரும் பிழையாகும். குடாநாட்டின் அடியில் உள்ளது வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல். மழைநீர் அதனூடே இறங்கி, கீழுள்ள கனத்த உவர்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குச் சான்று. சித்திரையிலும் ஆடியிலும் கிணறு தருவது மாரியில் இறங்கிய அந்த நீரையே.

நீரை விரைவாக உறிஞ்சும் அதே சுண்ணக்கல், அழுக்கையும் தடுத்து நிறுத்தாது. மலசலகூடக் குழிகள் வெள்ளத்தில் மூழ்கினால் அவற்றின் கழிவு கிணற்றைச் சென்றடையும். ஆகவே வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடுதல் வேண்டும். அதுவரை கொதித்தாறிய நீரையே பருகுதல் வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கவர்ந்தது. காலிற் புண்ணுள்ளோர் தேங்கிய நீரில் இறங்கலாகாது. வயலில் இறங்கியோருக்குக் காய்ச்சல் காணின், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

மூழ்கி இறக்கும் ஆபத்தும் பெரிது. தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டு இல்லை. நிலத்தை நீர் மூடியபோது கிணறு எது, வரம்பு எது என்று பழகிய கண்ணுக்கும் புலனாகாது. கல்லகழ்ந்த கிடங்குகளும் அத்தகையனவே. மழை தொடங்குமுன் அவற்றைச் சுற்றி வேலி அடைத்தலும், உயர்ந்த கம்புகளை நாட்டி அடையாளம் இடுதலும் சிறு செலவிலான காரியங்கள். பிள்ளைகளை வெள்ளத்தில் விளையாட விடலாகாது. மதகுகளின் வாயில் நீர் இழுக்கும் விசை வளர்ந்தவரையும் வீழ்த்திவிடும். அறுந்து கிடக்கும் மின்கம்பியை அணுகவே கூடாது.

தாழமுக்கம் தரும் அவகாசம் சில நாட்களே. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு வந்ததும், தாழ்ந்த இடத்தில் உள்ளோர் முதியோரையும் குழந்தைகளையும் முதலில் மேட்டுநிலத்துக்கு அனுப்புதல் நன்று. உதவி தேவைப்படின், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கலாம். வாய்க்காலைத் துப்புரவாக்கும் வேலையோ அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாதது. அது புரட்டாதியிலேயே முடியவேண்டியது.