நாடுகளின் கடனும் நீதியும்

நாடுகளுக்கிடையே அறநெறிக்கு இடமுண்டோ என்னும் வினா புதியதன்று. தனி மனிதர் அறத்திற்குக் கட்டுப்பட்டவர். அரசுகளோ தத்தம் நலனுக்கே கட்டுப்பட்டவை என்பர் பலர். இக்கூற்றைப் பொதுவில் ஆராய்வதைவிடக் குறிப்பிட்ட ஒரு பொருளில் வைத்து ஆராய்வது தெளிவு தரும். ஆகவே, வறிய நாடுகளின் கடன் என்னும் பொருளை இங்கு எடுத்துக்கொள்வோம்.

கடன் பெருகிய வரலாறு

1973ஆம் ஆண்டில் தொடங்கிய எண்ணெய் விலையேற்றத்தால், எண்ணெய் விற்ற நாடுகளின் பெரும் பணம் மேலை நாட்டு வங்கிகளில் குவிந்தது. வங்கிகள் அதனை லத்தீன் அமெரிக்க, ஆப்பிரிக்க அரசுகளுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தன. அக்கடன்களுள் பலவற்றின் வட்டி, சந்தை நிலைக்கேற்ப மாறக்கூடியது. 1979க்குப் பின் அமெரிக்கா தன் பணவீக்கத்தை அடக்க வட்டியைக் கடுமையாக உயர்த்தியபோது, புதிதாக ஒரு காசும் வாங்காத நாட்டிற்கும் சுமை கூடிற்று. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தவணை செலுத்த இயலாது என அறிவித்தது. உதவ முன்வந்த சர்வதேச நாணய நிதியம், அரசுச் செலவைக் குறைத்தல், மானியங்களை நீக்குதல் போன்ற நிபந்தனைகளை விதித்தது. கடன்பத்திரத்தில் கையொப்பமிட்டோர் ஆட்சியாளர். சுமந்தோர் ஏழை மக்கள். 1965 முதல் 1997 வரை ஜயரை ஆண்ட மொபுட்டுவின் காலத்துக் கடன், அவர் வீழ்ந்த பின்னும் அம்மக்கள் மேலேயே நின்றது.

திருமறையின் ஒளி

இப்பொருளில் யூபிலி ஆண்டு அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. ஆனால் லேவியராகமம் 25ஆம் அதிகாரம் நிலமும் அடிமைகளும் மீள்வதையே முதன்மையாகக் கூறுகிறது. கடன் விடுதலையைக் கூறுவது உபாகமம் 15. அங்கும் அந்நியனிடம் கடனைத் தண்ட இடமுண்டு. எனவே இச்சட்டத்தை நாடுகளுக்கு நேராகப் பொருத்துதல் முறையன்று. எனினும், கடன் ஒரு மனிதனையோ அவன் சந்ததியையோ என்றென்றும் கட்டி வைத்தலாகாது என்னும் நெறி இவ்விரண்டிலும் விளங்குகிறது. அயலான் யார் என்னும் வினாவிற்கு ஆண்டவர் அளித்த விடையோ, சகோதரன், அந்நியன் என்ற எல்லையையே அகற்றுகிறது.

நெகேமியா 5ஆம் அதிகாரம் நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. வயல்களையும் பிள்ளைகளையும் ஈடு வைத்தவர்களின் முறையீட்டைக் கேட்டு அவர் தலைவர்களைக் கடிந்துகொள்கிறார். அவ்வேளையில், தாமும் தம்மைச் சேர்ந்தோரும் கடன் கொடுத்தவர்களே என்பதை அவர் மறைக்கவில்லை.

மாறிவரும் ஒழுங்கு

1998 மே மாதம் எட்டு நாட்டுத் தலைவர்கள் பர்மிங்ஹாமில் கூடியபோது, யூபிலி 2000 இயக்கத்தினர் ஏறத்தாழ 70,000 பேர் கைகோத்து நின்றனர். திருச்சபைகள் அதில் பெரும்பங்கு கொண்டன. 1999இல் கொலோனிலும் 2005இல் கிளெனீகிள்சிலும் எடுத்த முடிவுகளால், 30க்கும் மேற்பட்ட நாடுகளின் கடனில் பெரும்பகுதி நீக்கப்பட்டது.

அன்று வேண்டுகோள் விடுக்க முகவரி தெளிவாக இருந்தது: மேலை அரசுகளும், உலக வங்கியும், நாணய நிதியமும். இன்று சீனாவும், கடன்பத்திரம் வாங்கும் தனியார் நிதி நிறுவனங்களும் பெருங்கடன் கொடுத்தோராய் உள்ளனர். 2020 நவம்பரில் தவணை தவறிய சாம்பியா, 2023இல் அரசுகளுடனும் 2024இல் பத்திரதாரர்களுடனுமே உடன்பாடு காண முடிந்தது. இழப்பில் யார் பங்கு எவ்வளவு என்ற வழக்கு நீளுகையில், காத்திருப்போர் மக்களே.

ஓர் எதிர்வாதம்

கடனைத் தள்ளினால் ஊதாரி ஆட்சிகள் ஊக்கம் பெறும். பின்னர் எவரும் கடன் கொடார் என்பர் சிலர். இது புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் தனி மனிதருக்கும் நிறுவனங்களுக்கும் நொடிப்புச் சட்டம் உண்டு; அதனால் கடன் கொடுப்பது நின்றுவிடவில்லை. நாடுகளுக்கோ அத்தகைய மன்றம் ஒன்றுமில்லை. 1953இல் லண்டன் உடன்படிக்கை மேற்கு ஜெர்மனியின் கடனை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது, அந்நாடு செழித்தது. ஆனால், நாடுகளின் கடனைச் சீரமைக்கச் சட்டமுறை வேண்டும் என்ற தீர்மானம் 2014 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 124 வாக்குகளால் நிறைவேறியபோது, எதிர்த்த 11 நாடுகளுள் ஜெர்மனியும் ஒன்று. தான் பெற்ற இரக்கத்தைப் பிறருக்குரிய சட்டமாக்க மனம் எளிதில் இசைவதில்லை.

நம் பொறுப்பு

இவ்வினா இன்று நம்மையும் நோக்கி வருகிறது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்திற்று. அவ்வாண்டு இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவிற்கு உதவியது. பின்னர்க் கடன் கொடுத்த நாடுகளின் குழுவிற்கு ஜப்பான், பிரான்ஸ் ஆகியவற்றுடன் இணைத்தலைமை வகித்தது. நெடுங்காலம் கடன்பட்டோர் பக்கம் நின்று பேசிய நாம், இன்று கொடுத்தோர் வரிசையிலும் அமர்ந்திருக்கிறோம்.

எனவே மேலை நாடுகளிடம் நாம் கேட்டவற்றை நம் அரசிடமும் கேட்பதே நேர்மை. கடன் நிபந்தனைகள் இரு நாட்டு மக்களும் அறிய வெளியிடப்பட வேண்டும். ஆராயாமல் கொடுத்தவரும் இழப்பில் பங்கேற்க வேண்டும். வட்டிக்கு முன் மக்களின் உணவும் மருந்தும் கணக்கில் வர வேண்டும். உலக ஒழுங்கு மாறுவதால் மட்டும் நீதி பிறப்பதில்லை. புதிதாக வலிமை பெற்றவர், தாம் எளியவராயிருந்த நாளில் வேண்டியதை இப்பொழுது செய்யும்போதே அது பிறக்கும்.